நான்கு ஸ்க்ரூவும் ஒரு சாட்சியும்

பழைய கையடக்க எலக்ட்ரானிக் விளையாட்டுகளைப் பிரித்துப் பார்ப்பது என் பொழுதுபோக்கு. சட்டைப்பையில் அடங்குகிற சாமான்கள். சாம்பல் நிறக் கண்ணாடியில் கறுப்பாக ஒரு குட்டி மனிதன் இடமும் வலமும் துள்ளுவான். பொத்தானை அழுத்தினால் பீப் பீப் என்று கத்தும். எங்கள் சின்ன வயதில் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பெட்டியைத் திறந்தால் சென்ட் பாட்டிலுக்கும் டார்ச்சுக்கும் நடுவில் இப்படி ஒன்று இருக்கும். ராஜகீழ்ப்பாக்கத்தில் என் வீட்டு அலமாரியில் இப்போது நாற்பதுக்கு மேல் இருக்கின்றன. எதையும் நான் விளையாடுவதில்லை. பிரிப்பேன், பார்ப்பேன், துடைப்பேன், மூடுவேன். இதில் என்ன இருக்கிறது என்று வீட்டில் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள்.

பிரிப்பது என்றால் சும்மா இல்லை. இணையத்தில் சில மகானுபாவர்கள் காய்கறிக் கத்தியை இடுக்கில் விட்டு நெம்புவதைப் பார்க்கும்போது எனக்கு ஓங்கி ஒன்று வைக்கலாமா என்றிருக்கும். முதலில் பேட்டரியை வெளியே எடுக்க வேண்டும். ஜன்னல் கம்பியைத் தொட்டு உடம்பில் சேர்ந்திருக்கும் மின்சாரத்தை இறக்கிவிட்டு உட்கார வேண்டும். ஸ்க்ரூ டிரைவரின் முனை ஸ்க்ரூ தலையில் இம்மியும் ஆடாமல் பொருந்த வேண்டும். திருகுகிற பலத்தைவிட அழுத்துகிற பலம் அதிகம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தலை வழுக்கிவிடும், அப்புறம் ஆண்டவனே வந்தாலும் கழற்ற முடியாது. ஒரு வெள்ளைத் தாளில் கருவியின் உருவத்தை வரைந்து, எடுத்த ஸ்க்ரூவை அது இருந்த மூலையிலேயே வைக்க வேண்டும். பார்க்க எல்லாம் ஒன்றுபோல இருக்கும். ஒன்று மட்டும் அரை மில்லிமீட்டர் நீளமாக இருந்து, இடம் மாற்றிப் போட்டால் முகப்பைக் குத்திவிடும். கடைசியில் மூடியை டிபன் பாக்ஸ் மாதிரி மேலே தூக்கக் கூடாது, புத்தகம் மாதிரி விரிக்க வேண்டும். பீப் சத்தம் போடுகிற தகடு பின்மூடியில் ஒட்டியிருக்கும், அதிலிருந்து தலைமுடி கனத்தில் இரண்டு ஒயர்கள் உள்பலகைக்குப் போகும். அவசரப்பட்டுத் தூக்கினால் அறுந்துவிடும்.

இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஒவ்வொன்றாகக் கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டது. இருபத்தைந்து வருஷமாகச் செய்கிறேன். இத்தனை பிரித்தும், எங்கள் வீட்டுக்கு முதன்முதலில் வந்ததை மட்டும் நான் பிரித்ததில்லை. அது அம்மாவின் பீரோ லாக்கரில், கைக்குட்டையில் சுற்றி, வீட்டுப் பத்திரங்களுக்குப் பக்கத்தில் இருந்தது. சாவி அம்மாவிடம். நானும் கேட்டதில்லை. கேட்காததற்குக் காரணம் பயம்தான், வேறொன்றுமில்லை.

அப்போது நாங்கள் மேற்குத் தாம்பரத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். நான் பத்தாவது, தங்கை ஆறாவது. சிங்கப்பூரில் வேலை பார்த்த அம்மாவின் தம்பி அந்த விளையாட்டைக் கொண்டுவந்தார். மரத்திலிருந்து பழங்கள் விழும், கீழே ஒருவன் கூடையோடு ஓடி ஓடிப் பிடிக்க வேண்டும். "ரெண்டு பேருக்கும்" என்றுதான் மாமா சொன்னார், ஆனால் கொடுத்தது அவள் கையில். எனக்கு அது உறுத்தியது. பரீட்சை வருஷம் என்று சொல்லி என்னிடமிருந்து அதைத் தள்ளியே வைத்தார்கள். நான் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு அடுத்த அறையிலிருந்து வருகிற பீப் சத்தத்தை எண்ணிக்கொண்டிருப்பேன். அவள் முந்நூறைத் தாண்டிவிட்டால் எனக்கு வயிறு எரியும்.

அவளுக்கு விளையாடுவதைவிட அது எப்படி ஓடுகிறது என்பதில்தான் ஆசை அதிகம். உள்ளே பழம் எங்கேயிருந்து வருகிறது என்று எல்லோரையும் கேட்பாள். டார்ச்சைக் கழற்றியிருக்கிறாள். அலாரம் கடிகாரத்தின் முதுகைத் திறந்திருக்கிறாள், ஆனால் திரும்பவும் மூடி ஓடவும் வைத்திருக்கிறாள். அப்பாவுக்குப் பிடிக்காது. "பொம்பளைப் புள்ளைக்கு ஸ்க்ரூ டிரைவர் எதுக்கு?" என்பார்.

வந்து மூன்று மாதத்தில் ஒருநாள் விளையாட்டு செத்துப்போனது. கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை, சத்தமும் இல்லை. அன்று சாயங்காலம் பின்பக்கம் துணி துவைக்கிற கல்லில் அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் விளையாட்டு, கையில் அப்பாவின் ஸ்க்ரூ டிரைவர். நான் பார்த்தேன். அதுவரைக்கும் நிச்சயம்.

அப்பா ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். யார் மேலாவது புகார் வந்தால் விசாரிப்பது அவர் வேலையில் ஒரு பகுதி, அந்தப் பகுதியை அவர் மிகவும் ரசித்துச் செய்தார் என்று நினைக்கிறேன். வீட்டிலும் அப்படித்தான். கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எங்களை எதிரே நிறுத்தினார். பேட்டரியைக் கழற்றி மேசையில் வைத்தார். கடையில் கொடுத்துப் பார்க்கலாம் என்று அம்மா மெதுவாகச் சொன்னதற்கு, ஃபாரின் சாமானைக் கடைக்காரன் கையில் கொடுத்தால் உள்ளே இருப்பதை உருவிக்கொண்டு வெறும் கூட்டைத்தான் தருவான் என்றார். எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள். வெளிநாட்டுச் சாமான் கெட்டால் கெட்டதுதான். ரிப்பேருக்கு அனுப்புவதில்லை, பத்திரமாக உள்ளே வைப்பதுதான்.

"தொறந்தியா?" என்று அவளைக் கேட்டார்.

"இல்லப்பா. அது தானா நின்னு போச்சு. தொறந்து பாக்கலாமான்னு யோசிச்சேன். தொறக்கல."

அப்பா என் பக்கம் திரும்பினார். "நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"தொறந்துக்கிட்டு இருந்தாளா?"

"ஆமா."

சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை, நான் எதைச் சொல்கிறேன் என்று புரியாத மாதிரி பார்த்தாள்.

அவளாக ஒத்துக்கொள்ளும்வரை அவளோடு பேசுவதில்லை என்று அப்பா முடிவு செய்தார். அடித்திருந்தால்கூட ஒரு நாளில் முடிந்திருக்கும். ஒன்பது நாள் பேசவில்லை. அவள் தட்டில் சோறு விழும், கூப்பிடும் குரல் விழாது. அந்த வாரம் அவள் பள்ளிக்கூடத்தில் கோவளத்துக்குக் கூட்டிப்போவதாக இருந்தது, அப்பா கையெழுத்துப் போட வேண்டிய தாள் மேசையிலேயே கிடந்தது. கடைசி நாள் சாயங்காலம் அம்மா அவளை அடுக்களைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கூடத்தில் இருந்த எனக்கு எல்லாம் கேட்டது.

"ஒத்துக்கோடி. ஒரு வார்த்தை சொன்னா விட்டுடுவார். ஏன் இப்படி அடம் புடிக்கிற?"

"நான் தொறக்கலம்மா."

"சரி, தொறக்கல. தொறந்தேன்னு சொல்லிடு. எனக்காகச் சொல்லு."

அம்மாவுக்காகச் சொன்னாள். அப்பா கையெழுத்துப் போட்டார். கோவளத்துக்குப் போய்விட்டு வந்தவளிடம் என்ன பார்த்தாய் என்று கேட்டதற்குப் படகு என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகு அவள் ஸ்க்ரூ டிரைவரைத் தொட்டு நான் பார்த்ததில்லை. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் சேருகிறேன் என்று ஒருமுறை கேட்டாள். "ஒண்ணைப் பிரிச்சு லட்சணம் தெரிஞ்சுது" என்று அப்பா சிரித்தார், நானும் சேர்ந்து சிரித்தேன். பி.காம் படித்தாள். கல்யாணமாகிக் கீழ்க்கட்டளைக்குப் போனாள். ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை. ரிமோட்டுக்கு பேட்டரி மாற்ற வேண்டுமென்றால்கூட வீட்டுக்காரர் வரட்டும் என்று வைத்திருப்பாள். எங்கள் வீட்டில் மிக்ஸி நின்றாலும் சரி, ஃபேன் நின்றாலும் சரி, "மெக்கானிக் கை வெச்சிருப்பா" என்று யாராவது சொல்லாமல் இருந்ததில்லை. பெரும்பாலும் நான்தான் சொல்வேன். முப்பது வருஷத்துக்கு மேல் சொல்லியிருக்கிறேன். அவளும் சிரிப்பாள். நன்றாகச் சிரிப்பாள், அதனால்தான் நாங்கள் நிறுத்தவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. போன ஆவணியில் போய்விட்டாள். கடைசி வாரத்தில் அம்மா ஆஸ்பத்திரியில் அவள் பக்கத்தில் இருந்தாள். பேச்சு குறைந்துபோன நாட்கள். மகளைப் பற்றிச் சொல்வாள், வீட்டுக்காரரின் பிரஷர் மாத்திரையைப் பற்றிச் சொல்வாள் என்று அம்மா காதைக் கிட்டே வைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். ஒருநாள் மத்தியானம் கண்ணைத் திறந்து, "அம்மா, நான் அதைத் தொறக்கலம்மா" என்றாளாம். அம்மாவுக்கு முதலில் எதைச் சொல்கிறாள் என்று புரியவில்லை. தண்ணீர் பாட்டிலைப் பார்த்திருக்கிறாள். அப்புறம்தான் புரிந்திருக்கிறது. புரிந்து, பதில் சொல்வதற்குள் அவள் திரும்பத் தூங்கிவிட்டாள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, அப்பாவும் உயிரோடு இல்லாததால், அம்மா என்னிடம் இதைச் சொன்னாள். அதிலிருந்து அம்மாவுக்கு வேறு நினைப்பே இல்லை. எழுபத்தாறு வயதில், மகளைப் பறிகொடுத்துவிட்டு, ஒரு பொம்மையைத் திறந்தாளா இல்லையா என்பதை நினைத்து ராப்பகலாக உருகினாள். "சாகப்போறவ பொய் சொல்வாளாடா?" என்று கேட்பாள். "ஆனா ஒத்துக்கிட்டாளே" என்று அவளே சொல்வாள். "நீ பாத்தேன்னு சொன்னியே" என்று என்னிடம் முடிப்பாள்.

பார்த்தேனா? இதுதான் என்னால் யாரிடமும் சொல்ல முடியாமல் இருந்தது. கண்ணை மூடினால் அந்தக் கல் தெரிகிறது, ஸ்க்ரூ டிரைவர் தெரிகிறது, அவள் மடியில் விளையாட்டு இரண்டு பாதியாகப் பிளந்து கிடப்பதும் தெரிகிறது. ஆனால் அந்த இரண்டு பாதி நான் அன்றைக்குப் பார்த்ததா, முப்பது வருஷம் கேலி செய்து செய்து நானே போட்டுக்கொண்டதா என்று தெரியவில்லை. ஒன்று அவள் பொய் சொன்னவள், இல்லையென்றால் நான். நடுவில் வழியில்லை. உள்ளே பார்த்தால் தெரிந்துவிடும் என்பது எனக்கு அம்மாவுக்கு முன்னாலேயே தெரியும். பிரித்த சாமானை எனக்குக் காட்டினால் போதும், எத்தனை தடவை பிரித்திருக்கிறார்கள், பிரித்தவனுக்குப் பொறுமை உண்டா இல்லையா என்பதுவரை சொல்லிவிடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, டிபன் முடிந்ததும், அம்மா கைக்குட்டையோடு வந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள்.

"நீதான் ஊர்ல இருக்கறதையெல்லாம் பிரிக்கிறியே. இதைப் பிரிச்சுச் சொல்லு."

"இப்போ எதுக்கும்மா? போனவ போயிட்டா."

"போயிட்டாதான். எனக்குத் தெரிஞ்சாகணும்."

எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் நான் வேலையை ஒழுங்காகச் செய்வேன். மேசையைத் துடைத்து வெள்ளைத் துணி விரித்தேன். ஜன்னல் கம்பியைத் தொட்டேன். மேசை விளக்கை இழுத்து வைத்தேன். அம்மா எதிரே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். வெளியே வேளச்சேரி சாலையில் பஸ்கள் கத்திக்கொண்டிருந்தன, ஜன்னலை மூடச் சொன்னாள்.

கைக்குட்டையிலிருந்து எடுத்தபோது, இவ்வளவு சின்னதா என்றிருந்தது. நினைவில் அது என் இரண்டு கையையும் நிறைத்தது. ஒரு கீறல் இல்லை. முகப்பில் பாதுகாப்புக்கு ஒட்டிவந்த மெல்லிய தாளைக்கூட அவள் உரிக்கவில்லை. பின்பக்கம் சத்தம் வருவதற்கு வட்டமாகச் சில ஓட்டைகள், மூலைகளில் மூன்று ஸ்க்ரூ. பூதக்கண்ணாடியில் பார்த்தேன். ஸ்க்ரூ தலையில் ஒரு முனை உட்கார்ந்து திருகியிருந்தால், எவ்வளவு பக்குவமான கையாக இருந்தாலும், அந்தக் கூட்டல் குறியின் ஓரம் கொஞ்சமாவது பளபளக்கும். மூன்றிலும் பளபளப்பு இல்லை. மங்கலாக, வந்தபடியே இருந்தன.

நான்காவது ஸ்க்ரூ பேட்டரி அறைக்குள் இருக்கும். அறையின் மூடியைத் தள்ளித் திறந்தேன். அப்பா அன்றைக்கே பேட்டரியை எடுத்துவிட்டதால் அறை சுத்தமாக இருந்தது. அடியில் நகக்கண் அளவுக்கு ஒரு வட்டக் காகிதம் ஒட்டியிருந்தது. கம்பெனி ஒட்டி அனுப்புகிற முத்திரை. அதற்கு அடியில்தான் ஸ்க்ரூ. காகிதத்தைக் கிழிக்காமலோ துளைக்காமலோ அந்த ஸ்க்ரூவைத் தொட முடியாது. அதைத் தொடாமல் கருவியைத் திறக்க முடியாது.

காகிதம் முழுசாக இருந்தது.

நான் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தேன். என் கை நடுங்கியது என்று எழுதினால் நன்றாக இருக்கும், நடுங்கவில்லை. காதுதான் சூடாகிவிட்டது, பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்டவன் மாதிரி.

"அம்மா, இதை யாருமே தொறந்ததில்ல."

"நல்லாப் பாருடா."

"பாத்துட்டேன். நீயே பாரு." முத்திரையைக் காட்டி விளக்கினேன். அம்மா கருவியைக் கண்ணுக்குக் கிட்டே வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள். விரல் நுனியால் அந்தக் காகிதத்தைத் தடவினாள்.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது. அவள் திறக்கவில்லை, நான் பொய் சொன்னேன், கதை முடிந்தது. கைக்குட்டையில் சுற்றி லாக்கரில் வைத்திருந்தால் அம்மாவுக்கு அந்த அளவோடு போயிருக்கும்.

"அப்போ எப்படிடா கெட்டுது?" என்றாள் அம்மா. "தொறந்து பாரேன்."

பொழுதுபோக்கு என்பது ஒரு வியாதி. என் தங்கையின் பெயரை நான் கெடுத்தது நிரூபணமாகி இரண்டு நிமிஷம் ஆகவில்லை, எனக்கும் உள்ளே பார்க்க வேண்டுமென்று இருந்தது. இந்த மாதிரிக் கருவி என்னிடம் வேறு இல்லை. அந்த ஆசையை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது. முத்திரையைக் கிழித்தேன். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாக அவள் பக்கம் நின்ற ஒரே சாட்சி அது, அதை நான்தான் கிழித்தேன். நான்கு ஸ்க்ரூவையும் எடுத்துத் தாளில் அதனதன் மூலையில் வைத்தேன். மூடியைப் புத்தகம் மாதிரி விரித்தேன்.

சத்தத் தகட்டுக்குப் போகிற இரண்டு ஒயரில் ஒன்று பச்சை பூத்து அறுந்திருந்தது. அதற்குக் கீழே உள்பலகையில் ஒரு ரூபாய் அகலத்துக்குச் செம்புக் கோடுகள் அரித்துப்போய்க் கிடந்தன. ஈரம் பட்டால் இப்படி ஆகும், நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் பச்சையைச் சுற்றி வெளிர் மஞ்சளாக ஏதோ காய்ந்து வெடித்திருந்தது. அதன் நடுவில் சிவப்பு. மூடியின் உள்பக்கத்தில் பார்த்தேன். ஒவ்வோர் ஓட்டையின் விளிம்பிலும் அதே சிவப்பு.

அப்போதுதான் எனக்கு அந்தச் சரஸ்வதி பூஜை நினைவுக்கு வந்தது. எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் பூஜையில் வைப்போம். புத்தகம், தையல் மிஷின், அப்பாவின் சைக்கிள், அரிவாள்மணை, கத்தரிக்கோல், ஸ்க்ரூ டிரைவர். அந்த வருஷம் விளையாட்டும் சேர்ந்தது. கண்ணாடியில் பட்டுவிடக் கூடாதென்று அம்மா அதைக் கவிழ்த்து வைத்தாள். நல்லதைத்தான் நினைத்தாள். முதுகில் குழைத்த சந்தனத்தை மூன்று விரலால் இழுத்து, நடுவில் குங்குமம் வைத்து, மேலே ஒரு பூவையும் வைத்து, தண்ணீர் தெளித்தாள். பூஜையில் வைத்ததை மறுநாள்வரை எடுக்கக் கூடாது. சந்தனமும் தண்ணீரும் ஓட்டை வழியாக இறங்க ஒரு ராத்திரி முழுக்க இருந்தது. உள்ளே பேட்டரியும் இருந்தது. மறுநாள் அம்மா ஈரத்துணியால் முதுகை நன்றாகத் துடைத்துத்தான் கொடுத்தாள், வெளியே துளி அடையாளம் இல்லாமல். அதற்கு அடுத்த வாரம் பழம் விழுவது நின்றது.

நான் பலகையைச் சட்டென்று என் பக்கம் சாய்த்தேன்.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல. பேட்டரி ஒழுகியிருக்கு. அதான்."

"அப்பாதான் அன்னிக்கே பேட்டரியை எடுத்துட்டாரே." கையை நீட்டினாள். "காட்டு."

"கையில பட்டா அரிக்கும்மா, ஆசிட்."

"காட்டுடா."

பொய் சொல்வதில் எனக்குப் பழக்கம் உண்டு, திறமை கிடையாது. மேசையில் வைத்தேன். அம்மா குனிந்து பார்த்தாள். எனக்கு மின்சாரப் பலகை தெரியும். அம்மாவுக்குப் பூஜை அலமாரி தெரியும். ஒரு நொடிகூட ஆகவில்லை.

"இது குங்குமம்டா."

நான் மேசை விளக்கைத் தள்ளி வைத்தேன்.

"நான் வெச்சது." நாற்காலியில் சாய்ந்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. "கெடுத்தவளும் நான்தான். ஒத்துக்கோன்னு சொன்னவளும் நான்தான்" என்றாள். "பொய் சொல்லுன்னு நானே சொல்லிட்டு, அப்புறம் ஆயுசு முழுக்க அவளைப் பொய்க்காரின்னு நெனச்சுக்கிட்டு இருந்திருக்கேன்."

"உனக்கு எப்படிம்மா தெரியும், உள்ள போயிருக்கும்னு?"

"நீ பாத்தேன்னு சொன்னியே, என்னடா பாத்தே?"

இந்தக் கேள்வியை அப்பா கேட்டிருக்க வேண்டும். அவ்வளவு விசாரணை தெரிந்தவர், சாட்சியிடம் என்ன பார்த்தாய் என்று கேட்கவில்லை. பதிலையும் கேள்விக்குள்ளேயே வைத்துக் கொடுத்தார். ஆமா என்று மட்டும் சொன்னால் போதுமாக இருந்தது.

"அவ கையில ஸ்க்ரூ டிரைவர் இருந்துச்சு. அவ்வளவுதாம்மா பாத்தேன். தொறந்ததைப் பாக்கல."

"ஏண்டா சொன்னே?"

"மாமா அவ கையில கொடுத்தார்னு எனக்கு எரிச்சல்."

இப்படிச் சொல்லிக் கேட்கும்போது எவ்வளவு அற்பமாக இருந்தது என்றால், ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவனின் வாயிலிருந்து அது வந்ததை அம்மா நம்பாதவள்போலப் பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். மேசையில் விளையாட்டு பிளந்து கிடந்தது, இத்தனை வருஷமாக நான் கண்ணை மூடினால் தெரிகிற மாதிரியே. இப்போதுதான் அது முதல் தடவையாக அப்படிக் கிடக்கிறது என்பது எனக்கு உறைத்தது. துடைக்கலாம், ஒயரை மாற்றலாம், அரித்த கோடுகளுக்குப் பதிலாக மெல்லிய கம்பி வைத்துப் பற்றவைக்கலாம். இதைவிட மோசமானதையெல்லாம் ஓட வைத்திருக்கிறேன். கையை வைக்கப் பிடிக்கவில்லை.

"அவ பொண்ணுக்குச் சொல்லணும்" என்றாள் அம்மா. "அவகிட்டயும் நம்ம எல்லாரும் கேலி பண்ணியிருக்கோம். உங்கம்மா தொறந்து கெடுத்தான்னு நான் எத்தனை தடவை சொல்லியிருக்கேன். இப்பவே போன் போடு. நிஜத்தைச் சொல்லு. நீ சொன்னதையும் சொல்லு, நான் வெச்சதையும் சொல்லு."

தங்கை மகள் கீழ்க்கட்டளையில் அவள் அப்பாவோடு இருக்கிறாள், கல்லூரி கடைசி வருஷம். எனக்கு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டேன். சாப்பிட்டேன் என்றாள். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். அம்மா எதிரே நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சின்ன வயசுல உங்கம்மா ஒரு கேமைத் தொறந்து கெடுத்துட்டான்னு சொல்வோமே..."

"ஆமா மாமா. சிங்கப்பூர் தாத்தா கொண்டுவந்தது."

"அதை இன்னிக்குப் பிரிச்சுப் பாத்தேன். அவ தொறக்கவே இல்ல. நான்தான் பாத்தேன்னு பொய் சொன்னேன். பூஜையில வெச்சப்போ தண்ணி எறங்கிக் கெட்டுருக்கு. பாட்டி உன்கிட்டச் சொல்லச் சொன்னா. உங்கம்மா மேல தப்பே இல்ல."

அந்தப் பக்கம் அவள் டி.வி. சத்தத்தைக் குறைத்தாள்.

"அம்மா தொறக்கலைன்னு எனக்குத் தெரியும் மாமா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அம்மா சொன்னாங்களே" என்றாள்.

நான் வேறு என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அப்புறம் பேசுகிறேன் என்றோ என்னவோ சொல்லி வைத்துவிட்டேன். அம்மா கிட்டே வந்தாள்.

"என்னடா சொன்னா? நம்பினாளா?"

"அவ எப்பவோ நம்பிட்டாம்மா" என்றேன்.